ஒரு கையெழுத்தும் 49 தொகுதிகளும்: பிரிட்டன் கூட்டணி ஆட்சியிடம் வாக்காளர்கள் கணக்குக் கேட்ட விதம் (2010–2015)

எடுத்துக்கொண்ட கேள்வி

ஒரே கட்சி ஆளும்போது வாக்காளரின் வேலை ஓரளவு சுலபம். ஆட்சி பிடித்திருந்தால் அதே கட்சிக்கு மறுபடியும் போடுவார், பிடிக்காவிட்டால் மாற்றிப் போடுவார். இரண்டு கட்சிகள் சேர்ந்து ஆளும்போது யாரை மாற்றுவது? வரியைக் குறைத்தது யாருடைய யோசனை, கட்டணத்தை ஏற்றியது யாருடைய பிடிவாதம், எதை எதற்குப் பதிலாக விட்டுக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் மூடிய அறைக்குள் முடிந்துபோகும். வெளியே வருவது ஒரே முடிவு, அதன் கீழே எல்லோருடைய கையெழுத்தும்.

இதைப் பொதுப்படையாகப் பேசுவதைவிட, நடந்த ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பது நல்லது. 2010 மே முதல் 2015 மே வரை பிரிட்டனை ஆண்ட கன்சர்வேடிவ் – லிபரல் டெமாக்ரட் கூட்டணியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாக்காளர்கள் கணக்குக் கேட்டார்கள் என்பதில் இங்கே சந்தேகமே இல்லை. 57 எம்.பி.க்களோடு அரசில் சேர்ந்த சிறிய கட்சி, ஐந்து ஆண்டு கழித்து 8 எம்.பி.க்களோடு வெளியே வந்தது. ஆனால் அந்தத் தண்டனையால் யார் லாபம் அடைந்தார்கள் என்று தொகுதி வாரியாகப் பார்த்தால், கோபப்பட்டவர்கள் எதிர்பார்த்த விடை வருவதில்லை. அதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். ஆட்களின் பெயர் இதற்குத் தேவைப்படவில்லை. பதவியும் தொகுதியும் போதும்.

பின்னணி: 2010 மே

2010 மே 6 தேர்தலில் 650 இடங்களில் கன்சர்வேடிவ் கட்சிக்கு 306, தொழிற்கட்சிக்கு 258, லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 57. தனிப் பெரும்பான்மை யாருக்கும் இல்லை. தொழிற்கட்சியும் லிபரல் டெமாக்ரட்டும் சேர்ந்தாலும் 315தான், பெரும்பான்மைக்குப் போதாது. கன்சர்வேடிவோடு சேர்ந்தால் 363. ஐந்து நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு மே 11 இரவு உடன்பாடு ஏற்பட்டது. மறுநாள் பிரதமரும் துணைப் பிரதமரும் டவுனிங் தெருத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் பேச்சுக்கு ஒருவர் சிரித்து, செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். அந்தச் சிரிப்புப் படம் பிற்பாடு சிறிய கட்சிக்கு எதிராகவே பலமுறை எடுத்துக் காட்டப்பட்டது.

இரண்டாம் உலகப் போர்க்கால அரசுக்குப் பிறகு அந்த நாட்டில் அமைந்த முதல் கூட்டணி அரசு இது. கட்சிகளுக்கும் பழக்கமில்லை, வாக்காளர்களுக்கும் பழக்கமில்லை. இரண்டு கட்சிகளும் சேர்ந்து பெற்ற வாக்கு சுமார் 59 சதவீதம். காகிதத்தில் பார்த்தால் அவ்வளவு பரந்த ஆதரவுள்ள அரசு அங்கே அபூர்வம். ஆனால் லிபரல் டெமாக்ரட்டுக்குப் போட்ட 68 லட்சம் பேரில் கணிசமானவர்கள், தங்கள் தொகுதியில் கன்சர்வேடிவைத் தோற்கடிக்க வேறு வழியில்லை என்பதால் அங்கே போட்டவர்கள். அந்த வாக்குகளை வைத்தே கன்சர்வேடிவ் பிரதமர் பதவியேற்றார். பிரச்சினை முதல் நாளே தொடங்கிவிட்டது.

அரசில் சேரும்போது சிறிய கட்சி தோளில் இரண்டு சுமை இருந்தது. ஒன்று, பல்கலைக்கழகக் கட்டண உயர்வு எதையும் எதிர்த்து வாக்களிப்பேன் என்ற மாணவர் சங்க உறுதிமொழி அட்டை. கட்சித் தலைவர் உள்பட அதன் வேட்பாளர்கள் அதில் கையெழுத்திட்டு, அட்டையைப் பிடித்துக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, கன்சர்வேடிவ் வந்தால் வாட் வரியை ஏற்றிவிடுவார்கள் என்று தேர்தல் நேரத்தில் இவர்களே வெளியிட்ட எச்சரிக்கை விளம்பரம். முதல் பட்ஜெட்டிலேயே வாட் 17.5 சதவீதத்திலிருந்து 20 ஆக அறிவிக்கப்பட்டு, 2011 ஜனவரியில் அமலானது. இவர்களும் ஆதரித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாட் உயர்வு மாணவர்களை மட்டுமல்ல, கடைக்குப் போகும் ஒவ்வொருவரையும் தொட்டது. ஆனாலும் ஐந்து ஆண்டும் மக்கள் திருப்பித் திருப்பிக் கேட்டது கட்டணத்தைப் பற்றித்தான். வாட்டை ஏற்றியது பெரிய கட்சியின் நிதியமைச்சர், அதில் சிறிய கட்சி துணைக்கு நின்றது. கட்டணத்தில் அப்படி ஒதுங்க இடமில்லை. ஆளின் பெயர், கையெழுத்து, முகம் மூன்றும் ஒரே படத்தில் இருந்தன.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

கூட்டணிக்குள் போகும்போது சிறிய கட்சி மூன்று முடிவுகளை எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் நியாயம் இருந்தது.

முதலாவது, துறைகள். இரண்டு மூன்று பெரிய துறைகளை முழுதாக வாங்கிக்கொள்வதா, பெரும்பாலான துறைகளில் ஆளுக்கொரு இணை அமைச்சரை வைப்பதா என்ற கேள்வி வந்தது. அமைச்சரவையில் ஐந்து இடம் வாங்கியதோடு, மற்றபடி பரவலாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் துணைப் பிரதமரானார், பெரிய துறை எதையும் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. எல்லா முடிவிலும் நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது நோக்கம். அரசுக்குள் செல்வாக்குச் செலுத்த இது நல்ல வழிதான். வெளியே இருந்து பார்ப்பவருக்கோ எதிலும் இவர்கள் பெயர் தெரியாது.

இரண்டாவது, தொனி. கூட்டணி என்றாலே சண்டை என்று நினைக்கும் நாட்டில், கூட்டணி நிலையாக ஓடும் என்று காட்டுவது அவசியம் என்று முதல் ஓராண்டு வேறுபாடுகளை வெளியே சொல்லவில்லை. முழு அரசின் செயலுக்கும் நாங்களும் பொறுப்பு என்றார்கள். நாணயமான நிலைப்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் பொறுப்பை முழுதாக ஏற்றுக்கொண்டவருக்குப் பெருமையிலும் முழுப் பங்கு கிடைக்கும் என்று எந்த விதியும் இல்லை.

மூன்றாவது, கட்டணம். பல்கலைக்கழக நிதி பற்றி ஆராய முந்தைய அரசு அமைத்த பிரவுன் குழுவின் அறிக்கை வரவேண்டியிருந்தது. அதற்கு அரசு எடுக்கும் நிலைப்பாட்டை ஏற்க முடியாவிட்டால், லிபரல் டெமாக்ரட் எம்.பி.க்கள் வாக்களிக்காமல் விலகி இருக்கலாம் என்று கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். அதாவது உறுதிமொழி இடிக்கும் என்பது முதல் வாரமே தெரியும். தப்பிக்க ஒரு வழியும் எழுத்தில் இருந்தது. ஆனால் பல்கலைக்கழகங்களைப் பார்க்கும் துறையின் அமைச்சர் பதவியும் அவர்கள் கட்சிக்கே வந்தது. தன் துறையின் தீர்மானத்தைத் தானே முன்வைத்துவிட்டு வாக்கெடுப்பில் விலகி நிற்க ஒரு அமைச்சரால் முடியுமா? அவரே அதை யோசிப்பதாக ஒருமுறை வெளிப்படையாகச் சொன்னார், கேலிக்கு ஆளானார், கடைசியில் ஆதரித்து வாக்களித்தார்.

2010 டிசம்பர் 9

பிரவுன் அறிக்கை அக்டோபரில் வந்தது. இங்கிலாந்தில் ஆண்டுக்கு 3,290 பவுண்டாக இருந்த கட்டண உச்சவரம்பை 2012 முதல் 9,000 பவுண்டாக்க அரசு முடிவு செய்தது. படிப்பு முடித்து ஆண்டுக்கு 21,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால்தான் திருப்பிக் கட்ட வேண்டும், முப்பது ஆண்டுக்குப் பிறகு பாக்கி தள்ளுபடி என்ற விதிகளும் சேர்ந்தே வந்தன. குறைந்த சம்பளக்காரர்களின் மாதத் தவணை பழைய முறையைவிடக் குறைகிறது என்று ஆதரித்தவர்கள் வாதாடினார்கள். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் கையெழுத்து கணக்கைப் பற்றியது இல்லையே. உயர்வை எதிர்ப்பேன் என்பதுதான் அதில் இருந்த ஒரே வாக்கியம்.

வாக்கெடுப்பன்று நாடாளுமன்றத்துக்கு வெளியே மாணவர்கள் திரண்டிருந்தார்கள், காவல்துறை சதுக்கத்தை வளைத்திருந்தது. உள்ளே 323-க்கு 302 என்று தீர்மானம் நிறைவேறியது. லிபரல் டெமாக்ரட் எம்.பி.க்கள் 57 பேரில் 28 பேர் ஆதரித்தார்கள், 21 பேர் எதிர்த்தார்கள், எட்டுப் பேர் வாக்களிக்கவில்லை.

இந்த எண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் ஒரு விஷயம் தெரியும். 57 பேரும் உறுதிமொழிப்படி எதிர்த்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும், கூட்டணியும் ஆட்டம் கண்டிருக்கும். ஆனால் 57 பேரும் ஒப்பந்தப்படி விலகி நின்றிருந்தால்? ஆதரவு 295, எதிர்ப்பு 281. தீர்மானம் எப்படியும் நிறைவேறியிருக்கும். அரசு கவிழாமல், கட்டணமும் நின்றுவிடாமல், கட்சி மட்டும் தன் கையெழுத்தைப் பாதியாவது காப்பாற்றியிருக்கலாம். அதைச் செய்யாமல் மூன்றாகப் பிரிந்து நின்றதால் எந்தப் பக்கத்திலும் பெயர் கிடைக்கவில்லை. எதிர்த்த 21 பேரும் தங்கள் கட்சி உடைத்த வாக்குறுதியைத்தான் ஊருக்குப் போய் விளக்க வேண்டியிருந்தது.

இடையில் வந்த எச்சரிக்கைகள்

பொதுத் தேர்தல் இன்னும் நான்கரை ஆண்டு தூரத்தில் இருந்தது. நாடாளுமன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு என்று 2011-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். அதனால் வாக்காளர்கள் கிடைத்த தேர்தலில் எல்லாம் பேசினார்கள்.

ஒரு குறிப்பு: கட்சியின் சரிவு கட்டண வாக்கெடுப்பில் தொடங்கவில்லை. கன்சர்வேடிவோடு சேர்ந்த கோடைக்காலத்திலேயே கருத்துக்கணிப்புகளில் ஆதரவு இறங்கத் தொடங்கியிருந்தது, ஆண்டு முடியும்போது ஏறத்தாழ பாதியாகிவிட்டது. ஒரு பகுதி வாக்காளர்களுக்குச் சேர்ந்ததே குற்றம். கட்டணம் அந்தக் கோபத்துக்கு எல்லோரும் புரிந்துகொள்ளும் ஒரு காரணத்தைக் கொடுத்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ‘கட்டணத்தால் தோற்றார்கள்’ என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் அதிகம்.

2011 மார்ச்சில் பார்ன்ஸ்லி சென்ட்ரல் இடைத்தேர்தல். முந்தைய ஆண்டு இரண்டாம் இடம் வந்த கட்சி ஆறாம் இடத்துக்குப் போனது. மே மாதம் உள்ளாட்சித் தேர்தலில் 700-க்கும் மேற்பட்ட கவுன்சிலர் இடங்கள் போயின. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் 16 ஐந்தானது. அதே நாளில், கூட்டணிக்கு விலையாக இவர்கள் கேட்டு வாங்கியிருந்த பொது வாக்கெடுப்பும் நடந்தது. வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறைக்கு மாறலாமா என்பது கேள்வி. சுமார் 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கூட்டாளியான பிரதமரே வேண்டாம் என்ற பக்கம் நின்று பிரசாரம் செய்தார். அந்தப் பக்கத்தின் துண்டறிக்கைகளில் துணைப் பிரதமரின் படத்தைப் போட்டு, உடைந்த வாக்குறுதிகளை நினைவூட்டினார்கள். தேர்தல் முறை பற்றிய வாக்கெடுப்பே ஆளைத் தண்டிக்கும் வாக்கெடுப்பாகிவிட்டது.

2013 பிப்ரவரியில் ஈஸ்ட்லி இடைத்தேர்தல் வந்தது. தங்கள் எம்.பி. சட்டச் சிக்கலில் பதவி விலகிக் காலியான தொகுதி. அத்தனை கெட்ட பெயரோடும் லிபரல் டெமாக்ரட் அதைத் தக்கவைத்துக்கொண்டது, கன்சர்வேடிவ் மூன்றாம் இடம். கவுன்சிலில் வலுவான அமைப்பு, வீடு வீடாகப் போகும் தொண்டர்கள் எல்லாம் இருந்ததால் கிடைத்த வெற்றி இது. நாம் வலுவாக இருக்கும் தொகுதிகளில் உள்ளூர் வேலை நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு இது உரமானது. இரண்டு ஆண்டு கழித்து அதே தொகுதி கன்சர்வேடிவுக்குப் போனது. 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 11 இடம் ஒன்றானது.

பெருமை யாருக்கு

இந்தக் காலத்தில் சிறிய கட்சி ஒன்றும் செய்யாமல் இல்லை. வருமான வரி கட்டத் தொடங்கும் வரம்பு 2010-இல் 6,475 பவுண்டு. அதை 10,000 ஆக்குவோம் என்பது அவர்கள் தேர்தல் அறிக்கையின் முதன்மையான வாக்குறுதி. செய்ய ஆசைதான், பணம் இல்லை என்று தொலைக்காட்சி விவாதத்தில் அன்று மறுத்தவர் கன்சர்வேடிவ் தலைவர். கூட்டணியில் படிப்படியாக ஏற்றி 2014 ஏப்ரலில் 10,000 பவுண்டைத் தொட்டார்கள். கோடிக்கணக்கானவர்களின் சம்பளச் சீட்டில் தெரிந்த மாற்றம் இது. ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி, சிறு வகுப்புகளில் எல்லாருக்கும் இலவச மதிய உணவு ஆகியவையும் அவர்கள் வற்புறுத்தி வந்தவையே.

ஆனால் வரி வரம்பு உயர்வை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் எழுந்து அறிவித்தது கன்சர்வேடிவ் நிதியமைச்சர். 2015 தேர்தலில் அந்தக் கட்சி இதைத் தன் சாதனையாகவே சொல்லி, அடுத்து 12,500 ஆக்குவோம் என்றது. கூட்டாகக் கடை நடத்தினால் லாபம் பெயர்ப்பலகையில் இருப்பவருக்கும், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவருக்கும் என்று பிரிந்து போவதுபோல் ஆயிற்று. பிரதமர் இருக்கும் கட்சிக்கே அரசின் நல்லது போய்ச் சேர்வது பல நாடுகளின் கூட்டணிகளில் கண்டிருக்கும் போக்குதான். இங்கே அது ஒரு துல்லியமான உதாரணத்தோடு கிடைக்கிறது.

இன்னொரு வகை வேலையும் உண்டு: தடுத்தவை. கூட்டாளி கொண்டுவர நினைத்துச் சிறிய கட்சி நிறுத்திய திட்டங்கள் எந்த வாக்காளர் கண்ணிலும் படாது. வெளியே தெரிந்த ஒன்று 2013 ஜனவரியில் நடந்தது. நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் சீர்திருத்தத்தைக் கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் முடக்கியதற்குப் பதிலடியாக, அவர்களுக்குச் சாதகமாகக் கருதப்பட்ட தொகுதி மறுசீரமைப்பை லிபரல் டெமாக்ரட் எதிர்த்து வாக்களித்துத் தள்ளிப்போட வைத்தது. அரசியல் பார்வையாளர்களுக்கு இது பெரிய செய்தி. வாக்குச்சாவடிக்குப் போகிறவருக்கு இதனால் என்ன?

2015 மே 7

லிபரல் டெமாக்ரட் 23 சதவீதத்திலிருந்து 7.9 சதவீதத்துக்கு இறங்கியது. 68 லட்சம் வாக்கு 24 லட்சமானது. முந்நூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் டெபாசிட் போனது. மிஞ்சியது 8 இடம்.

இழந்த 49 தொகுதிகள் எங்கே போயின என்பதுதான் இந்த ஆய்வின் மையம். தொழிற்கட்சிக்கு 12. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு 10. கூட்டாளியான கன்சர்வேடிவுக்கு 27. கன்சர்வேடிவின் வாக்கு நாடு முழுவதும் ஒரு சதவீதம்கூட ஏறவில்லை, ஆனாலும் 330 இடத்தோடு தனிப் பெரும்பான்மை பெற்றது. அந்த 27 இல்லையென்றால் 303. மறுபடியும் யாரையாவது துணைக்குத் தேட வேண்டியிருந்திருக்கும். தென்மேற்கு இங்கிலாந்தில் சிறிய கட்சி வைத்திருந்த 15 இடமும் போயின. பிரிஸ்டல் வெஸ்ட் ஒன்று தொழிற்கட்சிக்கு, மற்ற 14-ம் கன்சர்வேடிவுக்கு.

பாத் தொகுதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது எப்படி நடந்தது என்று புரியும். 2010-இல் லிபரல் டெமாக்ரட் அங்கே சுமார் 57 சதவீதம், கன்சர்வேடிவ் 31. 2015-இல் லிபரல் டெமாக்ரட் 30, கன்சர்வேடிவ் 38. பழைய எம்.பி. ஓய்வு பெற்றிருந்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் மற்ற எண்களைப் பாருங்கள். தொழிற்கட்சி 7-லிருந்து 13-க்கும், பசுமைக் கட்சி 2-லிருந்து 12-க்கும் ஏறின. கன்சர்வேடிவோடு சேர்ந்ததைப் பொறுக்காதவர்களின் வாக்கு பல பக்கம் சிதறியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் கன்சர்வேடிவ் ஆறேழு புள்ளிதான் ஏறியது. அது போதும். அதிக வாக்கு வாங்கியவரே ஜெயிக்கும் முறையில் 38 சதவீதம் ஜெயித்துவிட்டது. கூட்டணியைத் தண்டிக்கப் போன வாக்குகள் கூட்டணியின் பெரிய கட்சிக்கு ஒரு இடத்தைக் கொடுத்தன.

கேம்பிரிட்ஜ் வேறு கதை. அந்தத் தொகுதியின் லிபரல் டெமாக்ரட் எம்.பி. உறுதிமொழியைக் காப்பாற்றியவர். டிசம்பர் 9 அன்று எதிர்த்து வாக்களித்த 21 பேரில் ஒருவர். 2015-இல் அவர் வாக்கு 39 சதவீதத்திலிருந்து 35-க்கு மட்டுமே இறங்கியது. கட்சி நாடு முழுவதும் மூன்றில் இரண்டு பங்கை இழந்த நேரத்தில் இது பெரிய விஷயம். கன்சர்வேடிவ் வாக்கு அங்கே பத்துப் புள்ளி சரிந்ததைப் பார்த்தால், அந்தப் பக்கத்திலிருந்தும் அவருக்குக் கைகொடுத்தவர்கள் இருந்திருக்கலாம். அப்படியும் 599 வாக்கு வித்தியாசத்தில் தொழிற்கட்சியிடம் தோற்றார். மான்செஸ்டர் வித்திங்டன் எம்.பி.யும் எதிர்த்து வாக்களித்தவர்தான். அவரோ 14,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வீழ்ந்தார்.

மிஞ்சிய எட்டுப் பேரை எடுத்துக்கொண்டால், நான்கு பேர் கட்டண உயர்வை எதிர்த்தவர்கள், நான்கு பேர் ஆதரித்தவர்கள், கட்சித் தலைவர் உள்பட. யார் எப்படி வாக்களித்தார் என்ற விவரம் அன்றிரவே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வாக்குச் சீட்டில் வாக்காளர்கள் எடைபோட்டது பெரும்பாலும் ஆளை அல்ல, கட்சியை. கட்டணத் தீர்மானத்தை முன்வைத்த அமைச்சர் ட்விக்கன்ஹாமில் தோற்றதும் உண்மை. அவரைத் தோற்கடித்தது, அதே தீர்மானத்தைப் பெருவாரியாக ஆதரித்த கன்சர்வேடிவின் வேட்பாளர்.

ஸ்காட்லாந்தில் 11 இடம் ஒன்றானதைக் கட்டணத்தின் கணக்கில் எழுதக் கூடாது. அங்கே படிக்கும் ஸ்காட்லாந்து மாணவர்களுக்குக் கட்டணமே கிடையாது. 2014 சுதந்திர வாக்கெடுப்புக்குப் பிறகு அடித்த அலை எல்லா பழைய கட்சிகளையும் வாரிக்கொண்டு போனது.

அதன் பிறகு

சிறிய கட்சியின் தலைவர் மறுநாளே ராஜினாமா செய்தார். தன் ஷெஃபீல்டு ஹாலம் தொகுதியையும் 2017-இல் தொழிற்கட்சியிடம் இழந்தார்.

கட்டணத்துக்கு என்ன ஆனது? தனியாக ஆண்ட கன்சர்வேடிவ் அரசு 2016 முதல் இங்கிலாந்தில் ஏழை மாணவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகையை நிறுத்தி, கடனாக மாற்றியது. 2017-இல் கட்டண உச்சவரம்பு 9,250 பவுண்டானது. கட்டணத்துக்காகக் கோபப்பட்டவர்களின் வாக்கும் சேர்ந்து உருவாக்கிய பெரும்பான்மையே இதைச் செய்தது என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாக இருக்கும். ஆனால் எண்கள் அப்படித்தான் நிற்கின்றன. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பாத்தில் பசுமைக் கட்சிக்குப் போட்டவர், தன் வாக்கு எங்கே போய் விழும் என்று முந்தைய நாள் இரவே கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

லிபரல் டெமாக்ரட் 2017-இல் 12 இடம், 2019-இல் 11, 2024-இல் 72. அந்த 72-ஐ வாங்கிய வாக்கு சுமார் 12 சதவீதம்தான், 2010-இல் 57 இடம் வாங்கிய 23 சதவீதத்தில் பாதி. கன்சர்வேடிவை வீழ்த்த இவர்களே வழி என்ற பழைய ஏற்பாடு, முன்பு உடைந்த அதே தெற்கு இங்கிலாந்துத் தொகுதிகளில் திரும்ப வந்திருந்தது. பாத் 2017-லேயே திரும்பிவிட்டது. கேம்பிரிட்ஜ் திரும்பவில்லை.

பக்கத்திலேயே ஒரு மாற்று உதாரணம்

இப்படித்தான் நடக்கும், சிறிய கட்சி என்றாலே அடி விழும் என்று முடிவு கட்டுவதற்குச் சான்றுகள் உண்டு. அயர்லாந்தின் பசுமைக் கட்சி ஆட்சியில் பங்கேற்றுவிட்டு 2011-இல் தன் ஆறு இடத்தையும் இழந்தது. ஜெர்மனியின் சுதந்திர ஜனநாயகக் கட்சி 2009-இல் 14.6 சதவீதம் வாங்கி அரசில் சேர்ந்து, 2013-இல் 4.8-க்கு இறங்கி, ஐந்து சதவீத வரம்பைத் தாண்ட முடியாமல் நாடாளுமன்றத்திலிருந்தே வெளியேறியது.

ஆனால் இதே லிபரல் டெமாக்ரட் கட்சி 1999 முதல் 2007 வரை ஸ்காட்லாந்தில் தொழிற்கட்சியோடு கூட்டணியில் இருந்தது. 1999-இல் 17 இடம், 2003-இல் 17, 2007-இல் 16. அடியே விழவில்லை. அங்கே அவர்கள் முதலில் பிடித்துக்கொண்டதும் இதே பல்கலைக்கழகக் கட்டணத்தைத்தான். முன்கூட்டிக் கட்டும் கட்டணத்தை நீக்க வைத்து, அதற்குப் பதிலாகப் படிப்பு முடித்தபின் ஒரு தொகை கட்டும் ஏற்பாட்டை ஒப்புக்கொண்டார்கள். முழு வெற்றி இல்லை, சமரசம்தான். ஆனால் யார் கேட்டு எது நடந்தது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தது. அந்த நாடாளுமன்றத்தில் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கும் முறை இருந்ததால், வாக்கு கொஞ்சம் அசைந்தாலும் இடங்கள் கொத்தாகப் பறிபோகவில்லை.

எதை வேறு மாதிரிச் செய்யலாம்

கட்சிகளின் பக்கம்: தனியாக ஆளப்போவதில்லை என்று தெரிந்த கட்சி, விட்டுக்கொடுக்கவே மாட்டோம் என்பதையும் பேரத்துக்கு உட்பட்டது என்பதையும் தேர்தலுக்கு முன்பே பிரித்துச் சொல்ல வேண்டும். 2010-இல் கட்டண ஒழிப்பில் தலைமைக்கே முழு நம்பிக்கை இல்லை. அதைத் தளர்த்தப் பார்த்தபோது கட்சியின் கொள்கைக் குழு விடவில்லை. நம்பாத ஒன்றில் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கியது தேவையில்லாத வேலை. அடுத்து, விலகி நிற்க எழுதி வாங்கிய துறையின் அமைச்சர் பதவியை ஏற்றிருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து வராது. துறைகளில் பரவலைவிட ஆழம் நல்லது என்று நான் நினைக்கிறேன். கல்வியோ உள்ளாட்சியோ முழுதாக ஒரு துறை கையில் இருந்தால், நல்லதோ கெட்டதோ அது அவர்கள் பெயரில் இருக்கும், வாக்காளரும் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம்.

தேர்தல் முறையின் பக்கம் சொல்ல ஒன்றே உண்டு, அதை அவர்கள் 2011-லேயே கேட்டு இழந்துவிட்டார்கள். வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை இருந்திருந்தால், பாத்தில் பசுமைக்கும் தொழிற்கட்சிக்கும் போட்டவர்கள் முதல் விருப்பத்தில் கோபத்தையும், இரண்டாம் விருப்பத்தில் யார் வரக் கூடாது என்பதையும் சொல்லியிருக்கலாம். முடிவு மாறியிருக்குமா என்பது வேறு கேள்வி.

வாக்காளர்கள் பக்கம், கூட்டணியில் கேள்வி இரண்டு. வாக்குறுதியை உடைத்தது யார் என்பது ஒன்று. உடைக்க வைத்தது யார், அவருக்கும் கணக்கு உண்டா என்பது இன்னொன்று. 2015-இல் முதல் கேள்வி நாடு முழுவதும் கேட்கப்பட்டது, இரண்டாவது கிட்டத்தட்ட கேட்கப்படவே இல்லை. கன்சர்வேடிவ் கட்சி கட்டண உறுதிமொழியில் கையெழுத்திடவில்லை, அதனால் எதையும் உடைக்கவும் இல்லை. அந்தக் கட்சியிடம் கேட்டிருக்க வேண்டியது, தனியாக ஆண்டால் இந்தக் கட்டணத்தையும் உதவித்தொகையையும் என்ன செய்வீர்கள் என்பது. தொகுதி வேட்பாளர் கூட்டங்களில் கேட்கக்கூடிய, நேரடியான பதில் தேவைப்படும் கேள்வி. கூட்டணி ஒப்பந்தமும் வாக்கெடுப்புப் பட்டியலும் அச்சில் இருக்கின்றன. கையில் எடுத்துக்கொண்டு போனால், சிறிய கட்சிக்காரரை மட்டும் நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.